வலிக்காத நெஞ்சு

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயிலில் என் எதிர் இருக்கையில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“வலிச்சிருந்தா என் தம்பி பொழச்சிருப்பான்.”

மற்றவர் அந்தத் தம்பியின் நண்பர். அவரும் தம்பியும் பண்டமாரானில் ஒரே கம்பெனிக்கு லோரி ஓட்டியவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“நெஞ்சு வலியே இல்லையாண்ணே?”

“இல்லலா. வேர்த்து ஊத்துச்சு, அசதியா இருக்குன்னான். சீனி இறங்கிருச்சுன்னு நெனச்சு அவன் சம்சாரம் சீனித்தண்ணி கலக்கிக் குடுத்துச்சு. குடிச்சிட்டுப் படுத்தவன்தான். இனிப்புநீர் வியாதி உள்ளவங்களுக்கு ஹார்ட் அட்டாக் வந்தாலும் சில நேரம் வலி தெரியாதாம். பிரஷரும் ஏறிக் கெடந்திருக்குன்னு டாக்டர் சொன்னாரு.”

“தங்கச்சி எப்படி இருக்கு?”

“தான் குடுத்த சீனித்தண்ணிதான் கொன்னுருச்சுன்னு அழுவுது. டாக்டர் இல்லேன்னு சொல்லியும் கேக்கல. பிரஷர் மாத்திரய ஒழுங்காத்தானே போட்டாருங்குது.”

நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரயில் ஒரு ஸ்டேஷனில் நின்று கிளம்பியது.

“நானே வந்து தங்கச்சிகிட்ட சொல்றேண்ணே. அவன் அந்த மாத்திரய நிறுத்தி ரொம்ப நாளாச்சு. போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது, ஹைவேல லோரிய எங்க நிப்பாட்டுறதுன்னு ரெண்டு பேரும் சேந்துதான் நிறுத்துனோம்.”

மூத்தவர் நண்பரின் முழங்கால்மேல் கையை வைத்தார்.

“நீ இப்ப போடுறியா?”

“அவன எடுத்த அன்னைக்கிலேருந்து போடுறேண்ணே.”