டிராகன் வீட்டுச் சம்பந்தம்

இளவரசி: கதவைச் சாத்தாதீங்க! ரெண்டு வீட்டு மந்திரிங்களும் சாப்பிடத்தான் போயிருக்காங்க. திரும்பி வந்து பார்த்தா...

இளவரசன்: பார்த்தா? கல்யாணம் பண்ணி வெச்சிடுவாங்களா?

இளவரசி: வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. நான் இன்னும் கையெழுத்துப் போடலை, ஞாபகம் இருக்கட்டும்.

இளவரசன்: கல்யாண ஒப்பந்தத்துல நாப்பத்தோரு ஷரத்து! இதுல நாம ரெண்டு பேரும் எங்கே வர்றோம்?

இளவரசி: கடைசிப் பக்கம். உப்பளத்துக்கும் கழுதைக் கொட்டகைக்கும் நடுவுல.

இளவரசன்: ஏழாவதைப் படிங்களேன்.

இளவரசி: "அக்கரைப் படை ஆற்றைத் தாண்டினால், பெண் வீட்டார் தங்கள் டிராகனை அனுப்ப வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் நாற்பதாயிரம் வீரர்களை அனுப்ப வேண்டும்."

இளவரசன்: அந்த டிராகனைக் கொஞ்சம் பார்க்கலாமா?

இளவரசி: தூங்குது.

இளவரசன்: காலையில மலை மேல புகை வந்துச்சே?

இளவரசி: தூக்கத்துல... விடுங்க.

இளவரசன்: சரி, கையில என்ன கொப்புளம்?

இளவரசி: பால் காய்ச்சினேன்.

இளவரசன்: இளவரசியம்மா பால் காய்ச்சினாங்களாக்கும்! தலையில வைக்கோல் வேற.

இளவரசி: என் தலையை ஆராய்ஞ்சது போதும். நீங்க ஏன் நொண்டறீங்க?

இளவரசன்: செருப்பு கடிச்சிடுச்சு.

இளவரசி: நேத்து உங்க அணிவகுப்பை மாடத்துலேர்ந்து பார்த்தேன். ஒரு சிவப்புத் தாடிக்காரர் போனாரு. கொஞ்ச நேரத்துல மறுபடியும் போனாரு. பொழுது சாயற வரைக்கும் போய்க்கிட்டே இருந்தாரு.

இளவரசன்: அவங்க... அண்ணன் தம்பிங்க.

இளவரசி: எத்தனை பேர்?

இளவரசன்: பெரிய குடும்பம்.

இளவரசி: பக்கத்துலயே ஒருத்தர், தலைக்கவசத்தை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு... அவரும் நொண்டினாரு.

இளவரசன்: ...மந்திரிங்க வர்ற சத்தம் கேக்குது. உண்மையைச் சொல்லிடுவோமா?

இளவரசி: அக்கரைத் தூதன் கூடத்துலதான் உட்கார்ந்திருக்கான். இந்தச் சம்பந்தம் நின்னுச்சுன்னா நாளைக்கே ஆத்தைத் தாண்டிடுவாங்க. அந்த மைக்கூட்டை இப்படித் தள்ளுங்க.

இளவரசன்: ஏங்க, யோசிச்சுத்தான்...

இளவரசி: கையெழுத்துப் போட்டாச்சு. இப்பக் கேட்டுக்கோங்க. டிராகன் செத்து மூணு வருஷமாச்சு. அப்பாவுக்கு நெஞ்சு தாங்காதுன்னு அவர்கிட்டயே சொல்லலை. தினமும் நான்தான் மலையேறி ஈர வைக்கோலைக் கொளுத்தறேன். உங்க நாற்பதாயிரம் எத்தனை?

இளவரசன்: என்னையும் சேர்த்து நானூறு. நாளையிலேர்ந்து அதுலயும் ஒரு ஆள் குறையும்... உங்ககூட மலைக்கு வைக்கோல் தூக்கிட்டு வர ஒருத்தன் வேணும் இல்ல?