தீப்பெட்டி நசுங்கணும்

கணவர்: ...அதான் சொல்றேன், கியர்பாக்ஸ் போச்சு. இதுல பாக்க என்ன இருக்கு?

மெக்கானிக்: சார், நான் இன்னும் பானட்டைக்கூட தொறக்கல...

கணவர்: ரெண்டாவது கியர் போட்டா கர்ருங்குது. ரிவர்ஸ் போட்டா தெருவே திரும்பிப் பாக்குது. போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு. சாயங்காலம் வாங்குறவர் வராரு. குடுத்துட்டு நிம்மதியா இருப்பேன்.

மனைவி: முப்பது வருசமா துடைச்சுத் துடைச்சு வச்ச வண்டி. ரெண்டே சீட்டு, அதுலயும் பெத்த பிள்ளைக்குக்கூட சாவி குடுத்ததில்ல. இப்ப திடீர்னு நிம்மதியாம்!

கணவர்: உன்னை யாரு கூட வரச் சொன்னது? இன்னிக்கு தையல் கிளாஸ் இல்லையா?

மனைவி: லீவு.

கணவர்: ரெண்டு மாசமா போறாப்பா. ஒரு தலகாணி உறைகூட வீடு வந்து சேரல.

மனைவி: வரும், வரும். தம்பி, நீங்க நல்லாப் பாருங்க.

மெக்கானிக்: வேற என்ன கம்ப்ளெயின்ட் சார்?

கணவர்: எழுதிக்கோ. ஒரு வாரமா சீட்டு தானா முன்னாடி நகருது. நானும் பின்னாடி தள்ளித் தள்ளி வைக்கிறேன், மறுநாள் பாத்தா ஸ்டியரிங் வயித்துல இடிக்குது. நடுக் கண்ணாடி வேற கீழ தொங்குது. வயசாயிடுச்சுப்பா.

மனைவி: வண்டிக்கா?

கணவர்: வண்டிக்குத்தான்!

மெக்கானிக்: சரி, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டேன். இப்ப பாருங்க... ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... ரிவர்ஸ். ஏதாச்சும் சத்தம் கேக்குதா?

கணவர்: ஆஃப்ல இருந்தா எது கத்தும்?

மெக்கானிக்: அதில்ல சார். உள்ள பல்லு கில்லு ஒடஞ்சிருந்தா லீவர் கையில முட்டும். இது வழுக்கிக்கிட்டுப் போகுது. கியர்பாக்ஸ் மேல தப்பில்ல. கிளட்ச் முழுசா விலகலைன்னாத்தான் இப்படிக் கத்தும்.

கணவர்: அப்ப கிளட்ச் போச்சு. எழுது.

மெக்கானிக்: அட, இருங்க... ஆயில் மட்டம் சரியா இருக்கு. கீழயும் ஒரு சொட்டு ஒழுகல. இப்ப இன்ஜின் ஓடுது, நான் மிதிக்கிறேன்... ரிவர்ஸ்... சத்தமே இல்ல. ரெண்டாவது... ஊஹூம்.

மனைவி: பூனை மாதிரி போகுதே!

கணவர்: ஊரான் கை பட்டா மட்டும் நல்ல பிள்ளை வேஷம் போடும். எறங்கு, நான் போடறேன்.

மெக்கானிக்: போடுங்க... அய்யய்யோ! போதும் சார், போதும்!

கணவர்: கேட்டல்ல?

மெக்கானிக்: முழுசா மிதிச்சீங்களா சார்?

கணவர்: நீ பொறக்குறதுக்கு முன்னாடியே கிளட்ச் மிதிச்சவன்யா நான்.

மெக்கானிக்: கோச்சுக்காதீங்க. எங்க பட்டறையில ஒரு வழக்கம் இருக்கு. பெடலுக்குப் பின்னாடி, தரையில ஒரு காலி தீப்பெட்டிய ஒட்டிருவோம். முழுசா மிதிச்சா நசுங்கணும். கார்பெட்டை எடுத்தாச்சு... ஒட்டியாச்சு. ம், மிதிங்க.

கணவர்: மிதிச்சாச்சு.

மெக்கானிக்: இருங்க, குனிஞ்சு பாக்கறேன்...

மனைவி: என்ன தம்பி?

மெக்கானிக்: இப்பத்தான் கடையில வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கும்மா.

கணவர்: பெடல் கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு! யார் மிதிச்சாலும் இப்படித்தான்.

மெக்கானிக்: சரி, நான் இரும்பு தூக்குற ஆளு, என்னை விடுங்க. அம்மா, நீங்க ஒரு தடவை உக்காந்து பாருங்க.

கணவர்: இவளா! பிரேக் எது, கிளட்ச் எதுன்னே தெரியாது.

மனைவி: இடது ஓரத்துல இருக்கறதுதானே? நகருங்க.

மெக்கானிக்: ஸ்டார்ட் பண்ணுங்க... இப்ப நல்லா அமுத்தி, ரிவர்ஸ் போடுங்க.

மனைவி: போட்டுட்டேனே.

மெக்கானிக்: சத்தமே வரல! தீப்பெட்டி... சப்பட்டை.

கணவர்: எங்க, காட்டு!

மெக்கானிக்: அம்மா, ஒண்ணு கேக்கலாமா? சாவி திருப்புறதுக்கு முன்னாடி லீவரை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பாத்தீங்களே, நியூட்ரல்ல இருக்கான்னு... யாரு சொல்லிக் குடுத்தது?

மனைவி: அது... டிவில பாத்திருப்பேன்.

மெக்கானிக்: சார், வண்டில ஒரு குறையும் இல்ல. உங்க இடது கால்தான்...

கணவர்: காலுக்கு என்ன? மாடிப்படில விழுந்தேன், கட்டுப் போட்டாங்க, பிரிச்சாங்க. எல்லாம் சரியாயிடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு.

மனைவி: என்னைப் பாத்துச் சொல்லுங்க.

கணவர்: வாங்குறவர் வந்துருவாரு, நேரமாச்சு.

மனைவி: சொல்லுங்கன்னேன்.

கணவர்: பாதிக்கு மேல அமுத்தினா உயிர் போகுது. போதுமா? கியர்பாக்ஸ் போச்சுன்னு வித்தா அந்தப் பேச்சு வண்டியோட போயிரும். கால் போச்சுன்னு வித்தா... எனக்கு அசிங்கமா இருக்குடி.

மெக்கானிக்: அதுக்கு, நல்ல கியர்பாக்ஸ் மேல பழி போடறதா சார்?

கணவர்: வேற என்ன பண்ணச் சொல்ற?

மனைவி: வாங்குறவருக்கு ஃபோன் போட்டு வர வேண்டாம்னு சொல்லுங்க.

கணவர்: வச்சுக்கிட்டு? யாரு ஓட்டுறது? தினம் தொடச்சிட்டு உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கவா?

மெக்கானிக்: சார்... அந்த சீட்டையும் பாத்துட்டேன். கொக்கி கெட்டியா பிடிச்சிருக்கு. யாராச்சும் இழுத்தாத்தான் முன்னாடி வரும். கண்ணாடியும் அப்படித்தான், யாரோ திருப்பியிருக்காங்க.

கணவர்: எங்க வீட்ல நானும் இவளும்தான், வேற யாரு... ஏய். மத்தியானம் நான் தூங்குறப்பவா? சாவி என் தலகாணிக்கு அடியிலல்ல இருக்கும்!

மனைவி: நீங்க விடற குறட்டைக்குத் தலகாணியவே உருவினாலும் தெரியாது.

கணவர்: அப்ப அந்தத் தையல் கிளாஸு...?

மனைவி: தையலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. டிரைவிங் ஸ்கூல். கட்டுப் பிரிச்ச அன்னிக்கு நீங்க மாத்திரை வாங்கப் போனீங்கல்ல, அப்பவே டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டாருங்க, இந்தக் கால் இனிமே கிளட்ச் மிதிக்காதுன்னு. நீங்களா வாயத் தொறப்பீங்கன்னு ரெண்டு மாசமாப் பாத்துக்கிட்டே இருந்தேன். போன வாரம் லைசென்ஸ் வந்துருச்சு... எறங்க மாட்டேன், நிக்காதீங்க. அந்தப் பக்கமா வந்து ஏறுங்க.