சம்பந்தியின் தட்டணுக்கள்

கழிப்பறைக்குப் போகிற மனிதர் "இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று நீட்டினால், வாங்கிப் பிடித்துக்கொள்வதுதான் மரியாதை, டாக்டரம்மா. நானும் பிடித்துக்கொண்டேன். அதற்குமேல் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அவர் என் மகனுக்குப் பெண் கொடுத்தவர். நல்ல மனிதர். அதுதான் அவரிடம் உள்ள தொந்தரவு. மாரடைப்பு எனக்குத்தான் முதலில் வந்தது. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். என்னைப் பார்க்க வந்தவர், லிஃப்ட் ஓடவில்லை என்று படியேறி வந்து, என் கட்டில் ஓரத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். என்னை நலம் விசாரிக்க வந்திருந்த அத்தனை பேரும் அவர் பக்கம் திரும்பிவிட்டார்கள். எனக்கு ஒரு ஸ்டென்ட் வைத்தீர்கள். அவருக்கு இரண்டு. நான் ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு எங்களை உட்காரவைத்து நீங்களே விளக்கினீர்கள். ரத்தத்தில் தட்டணு என்று பொடிப்பொடியாக ஓடுகிறது. காயம் பட்ட இடத்துக்கு ஓடிவந்து, ஒன்றையொன்று கட்டிப்பிடித்து அடைத்துக்கொள்ளும். ஸ்டென்ட்டைப் பார்த்தாலும் அதுகளுக்குக் காயம் என்றுதான் தோன்றும். கூட்டம் கூடி ரத்தக்குழாயையே அடைத்துவிடும். கூடாமல் பார்த்துக்கொள்ளத்தான் இரண்டு மாத்திரை. இரண்டாவதைக் கல்லீரல் பக்குவப்படுத்திக் கொடுத்தால்தான் வேலை செய்யும், சிலருடைய கல்லீரல் அதில் சோம்பேறி என்றீர்கள். அதனால் ரத்தத்தை மெஷினில் விட்டு, தட்டணுக்கள் இன்னும் எவ்வளவு ஒட்டுகின்றன என்று ஓர் எண் எடுப்பீர்கள். எண் குறைந்தால் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம். நாங்கள் அதை மார்க் என்போம்.

முதல் தடவை அவர் மார்க் அழகாக இறங்கியிருந்தது. என்னுடையது மாத்திரையையே பார்க்காதவன் மார்க். இருவருக்கும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு என் மருந்தை மாற்றலாம் என்றீர்கள். அதோடு போயிருக்கும். ஆனால் சாப்பாட்டு மேஜையில், மருமகள் முன்னாலேயே, சம்பந்தி திருவாய் மலர்ந்தார்.

"என் ரத்தம் சொன்ன பேச்சு கேட்கும். சம்பந்தி ரத்தம் சம்பந்தி மாதிரியே."

மருமகளுக்குப் புரையேறியது. என் மகன் அவள் தலையைத் தட்டிக்கொண்டே சிரித்தான். நான் பெற்ற பிள்ளை.

இரண்டாவது சோதனைக்குச் சேர்ந்தே வந்தோம். உங்கள் லேபில் ஒரு வழக்கம். ரத்தம் எடுக்கிற பெண் குழாயை நம் கையிலேயே கொடுத்து, பெயர் ஸ்டிக்கர் அச்சாகி வரும்வரை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்திக்கொண்டே இருக்கச் சொல்வாள். வேகமாகக் குலுக்கினால் தட்டணுக்கள் மிரண்டுவிடுமாம். அந்தப் பிரிண்டர் ஒவ்வோர் எழுத்தையும் யோசித்து யோசித்து அடிக்கும். இரண்டு கிழவர்களும் கைக்குழந்தையைத் தாலாட்டுவதுபோல் அவரவர் ரத்தத்தை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அவருக்கு அவசரம் வந்தது.

அவர் குழாய் என் வலக்கையில், என்னுடையது இடக்கையில். அந்தப் பெண் ஸ்டிக்கரோடு வந்து, "இதுல உங்களுது எது தாத்தா?" என்றாள். வலக்கையை நீட்டினேன். அதுதான் அவளுக்குக் கிட்டத்தில் இருந்தது.

எனக்குப் பிரமாதமான மார்க் வந்தது. என்னைப் பழைய மாத்திரையிலேயே விட்டு, அவருக்கு வீரியமானதாக மாற்றினீர்கள். என் வெற்றியைப் பற்றி நான் பெரிதாகப் பேசவில்லை. சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து எல்லாரும் கை கழுவும்வரைதான் பேசினேன். சம்பந்தியம்மா அவர் மாத்திரையைத் துப்புகிறார் என்று முடிவுகட்டி, தினமும் வாயைத் திறக்கச்சொல்லி, நாக்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அவர் சத்தியம் பண்ணினார். "விடுங்க, வயசாச்சு, மறந்திருப்பார்" என்று நான்தான் பரிந்து பேசினேன்.

அப்புறம் அவருக்கு முகம் மழித்தால் ரத்தம் நிற்கவில்லை. பல் துலக்கினால் ரத்தம். கையை அழுத்திப் பிடித்தால் அந்த இடம் நீலமாகிவிடும். பார்க்கும்போதெல்லாம் நான் கைகுலுக்கினேன். பாசம்தான். எனக்கும் படியேறினால் நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது. நல்ல மார்க் வாங்கியவன் இதையெல்லாம் பெரிதுபடுத்தக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

மருந்து மாறியதால் அவருக்கு மட்டும் மறுபடி சோதனை வைத்தீர்கள். நேற்று, மூக்கில் பஞ்சோடு, மூக்கடைத்த குரலில் அறிவித்தார்:

"இவ்வளவு குறைஞ்சு நான் பார்த்ததே இல்லன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

நீங்கள் பயந்துபோய்ச் சொன்னதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அவருக்கு ரத்தம் போனபோது எனக்கு வருத்தம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மார்க்கைக் கேட்ட பிறகுதான் தூக்கமே போயிற்று. மனசாட்சி என்பது இதுதான் போலிருக்கிறது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். குழாயை மாற்றிக் கொடுத்தது நான்தான். அவருக்குப் பழைய மாத்திரையே போதும். வீரியமானது எனக்கு வரவேண்டியது, அதைக் கொடுத்துவிடுங்கள். எதற்கு இத்தனை பேரைக் கூப்பிடுகிறீர்கள்? வயரெல்லாம் அப்புறம் ஒட்டலாம், நெஞ்சு எங்கேயும் ஓடிவிடாது.

படுத்துக்கொண்டு யோசித்தால்தான் ஒன்று உறைக்கிறது. முதல் நல்ல மார்க் அவருடையது. மூன்றாவதும் அவருடையது. இப்போது நான் வாயைத் திறந்ததால் இரண்டாவதும் அவருக்கே போய்விடும். இவ்வளவு நேர்மையாக வந்து சொன்னவனுக்கு, அந்த ஒன்றை மட்டுமாவது என் பேரிலேயே விட்டுவைக்கக் கூடாதா, டாக்டரம்மா?