சான் மார்த்தினோ கோடை

லோரிஸ் ஸ்பேனர் இல்லாமல் வெறும் கையாலேயே கார் என்ஜினிலிருந்து அந்தக் கூட்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது. திருகு மறையைக் கழற்றாமல் எதையும் இழுக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது, மாரெஷால்லோ. உங்களுக்கும் பிடிக்காது என்று நினைக்கிறேன். போலீஸ் சீருடை போடுகிறவர்கள் பொதுவாக ஒழுங்கானவர்கள்.

“சீக்கிரம் மச்சான். சர்ச் முன்னாடி எல்லா வண்டியும் கிளம்பி நிக்குது. இந்தச் சனியன் வர மாட்டேங்குதே.”

“கைய எடு மாப்ளே. நான் கழட்டித் தரேன்.”

அவன் சனியன் என்றது காற்று வடிகட்டி உட்கார்ந்திருக்கும் தகரக் கூட்டை. கறுப்பு நிறம், நீளமாக ஒரு மூக்கு. தொழிற்சாலையிலிருந்து என்ஜினோடு சேர்ந்தே வந்தது. எங்கள் பட்டறையில் அதற்கு நுரையீரல் என்று பெயர். அப்பா வைத்த பெயர். காரும் அவருடையதுதான். அறுபத்தாறாம் வருஷத்து ஸ்பைடர், சிவப்பு, இரண்டே சீட்டு. அவர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் தங்கை புருஷன் லோரிஸ் ஓட்டினான். மற்ற நாட்களில் அதற்கு எண்ணெய் மாற்றியது, துடைத்தது, பேசியது எல்லாம் நான்.

லோரிஸுக்குச் சத்தம் வேண்டும். கூட்டைத் தூக்கிவிட்டு, கார்புரேட்டர் வாயில் திறந்த அலுமினியக் குழல்களைப் பொருத்தினால் கார் உறுமும். எங்கள் பழைய கார் கிளப்பில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். இதில் குற்றம் எதுவும் இல்லை. அவன் கேட்டான், நான் செய்தேன்.

சொல்லாமலும் செய்யவில்லை. அந்தக் கூட்டின் மூக்கில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். ஒரு பக்கம் கோடை, மறுபக்கம் குளிர்காலம். குளிர்கால நிலையில் வைத்தால், சூடான புகைக்குழாயின் மேலிருந்து காற்றை இழுத்துக் கார்புரேட்டரைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளும். “குளிர்ல இது இல்லாம மலை ஏறக் கூடாது மாப்ளே” என்றேன்.

அவன் சிரித்தான். “என்ன மச்சான், காலண்டர் பாக்கிறதே இல்லையா? இன்னிக்கு சான் மார்த்தினோ. நம்ம கோடை வந்தாச்சு. வெளிய பாரு, வெயில் பல்லக் காட்டுது. அந்தச் சட்டிய நீயே வெச்சு மீன் பொரிச்சுக்க.”

எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான். நவம்பரில் அந்தத் திருநாளை ஒட்டி வெயில் திரும்பி வரும் என்று நம்புவோம். அதற்குக் கோடை என்றே பெயர். புது ஒயின் திறப்போம், செஸ்ட்நட் சுடுவோம், கம்பளிக் கோட்டை வீட்டில் விட்டுவிட்டு வெளியே போவோம். சமவெளியில் அது உண்மைதான். மலைக்கு மேலே சான் மார்த்தினோவை யாருக்கும் தெரியாது.

அன்று காலை ரத்திகோசா கணவாய்க்கு அந்தப் பக்கம் உள்ள விடுதிக்குப் போன் செய்திருந்தேன். கிளப்புக்குச் சாப்பாடு அங்கேதான். விடுதிக்காரி, “பனிமூட்டம் இவானோ. என் வாசப்படியே எனக்குத் தெரியல” என்றாள். நன்றி சொல்லி வைத்தேன். லோரிஸ் மேலே எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, வெயிலாம் என்றேன்.

உங்கள் மேஜையில் இருக்கும் விபத்து அறிக்கைக்கு வருகிறேன். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். அதற்குக் காரணம் அந்த அறிக்கை. பொலோஞாவிலிருந்து வந்த நிபுணர் எழுதியிருக்கிறார்: மெக்கானிக் புதுக் குழல்களைப் பொருத்தியபோது ஆக்ஸிலேட்டரைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங்கைச் சரியாக மாட்டவில்லை, கவனக்குறைவு, இருவர் பலி. ஊரில் அதைப் படித்தவர்கள் என்னைப் பார்த்துப் பாவம் என்கிறார்கள். பழைய வாடிக்கையாளர் ஒருவர் வண்டியை வேறு பட்டறைக்கு எடுத்துப் போய்விட்டார். வயசாயிருச்சு, கை நடுங்குது போல என்று சொன்னாராம். இதோ பாருங்கள், என் கை. நடுங்குகிறதா?

ஸ்பிரிங் சரியாகத்தான் மாட்டியிருந்தது. நிபுணரால் எதையும் கண்டுபிடிக்க முடியாததால் ஸ்பிரிங் என்று எழுதிவிட்டார். கண்டுபிடிக்கவும் முடியாது. போன குளிர்காலத்தில் கூட்டுக்குப் பெயிண்ட் அடிக்கக் கழற்றியிருந்தபோது, நானே அந்த மலையில் காரை ஓட்டிப் பார்த்தேன். பனிமூட்டத்தில் கணவாயைத் தாண்டியதும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அது மேலே வரவில்லை. வேகம் மட்டும் வந்தது. சாவியை அணைத்து ஓரமாக நிறுத்தினேன். பானெட்டைத் திறந்தால் கார்புரேட்டரின் கழுத்தில் வெள்ளையாக உறைபனி. உள்ளே காற்றை அளந்து விடும் கதவுத் தகடு திறந்தபடியே உறைந்து நின்றது. ஒரு சிகரெட் பிடித்து முடிப்பதற்குள் எல்லாம் தண்ணீர். துடைக்கக்கூடத் தேவைப்படவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கிளப்பில் யாரும் கேட்கவும் இல்லை.

லோரிஸுக்கு ஒரே ஒரு புத்திமதி சொன்னேன். “வழியில எதுவானாலும் சாவிய மட்டும் அணைச்சிராத மாப்ளே. இந்தக் குழலோட சூட்டுல நின்னா மறுபடி ஸ்டார்ட் ஆகாது. எல்லார் முன்னாலயும் தள்ளணும். அசிங்கம்.”

“நல்லவேளை சொன்ன மச்சான்” என்று என் தோளைத் தட்டினான். அவனுக்கு அசிங்கப்படுவது பிடிக்காது.

அந்தச் சத்தத்தோடு அவர்கள் தெருமுனையைத் திரும்பினார்கள். உண்மையைச் சொன்னால், சத்தம் நன்றாகத்தான் இருந்தது. நான் கூட்டைப் பெட்ரோலில் கழுவினேன், துணியால் துடைத்தேன். மதியம் தோர்த்தெல்லினி சாப்பிட்டேன். போன் வந்தபோது தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். தட்டை வைத்துவிட்டுத்தான் எடுத்தேன்.

ஆகவே அது கவனக்குறைவு இல்லை. தயவுசெய்து அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். நான் எந்த வேலையையும் அப்படிச் செய்ததில்லை.

இரண்டாவது ஆளைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

என் தங்கை ஒம்ப்ரெத்தாவுக்குக் கார் என்றாலே குமட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்தக் காரில் அவள் ஏறியதே இல்லை. அன்று லோரிஸ் என்ஜினை ஓடவிட்ட பிறகு, கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு பட்டறைக்குள் வந்தாள்.

“அண்ணே, நானும் போறேன். அப்பா ஓட்டின வண்டியில ஒரு தடவையாவது உக்காந்து பாக்கணும்னு இருக்கு.”

“வாந்தி எடுத்தா நீதான் கழுவணும்” என்றான் லோரிஸ்.

“உங்க மூஞ்சிய தினம் பாத்தும் எடுக்கல, இதுக்கா எடுத்துரப் போறேன்.”

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஸ்பேனர் இன்னும் என் கையில்தான் இருந்தது. கூட்டைத் திரும்ப மாட்டப் பெரிய வேலை ஒன்றும் இல்லை, அவர்கள் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் முடித்திருக்கலாம். அதை யோசிக்காமல் இல்லை. நிதானமாகவே யோசித்தேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டேன். சால்வை நுனி வெளியே தொங்கியது. அழுக்காகிவிடும் என்று உள்ளே எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

உயிலில் அப்பா அந்தக் காரை எழுதிவைத்தது லோரிஸுக்கு இல்லை, மாரெஷால்லோ. அவளுக்கு. அதை நான் ஒருநாளும் மனதில் வைத்துக்கொண்டதில்லை.