சுவரைப் பிடித்து எடை பார்த்தவர்

புவனகிரியிலிருந்து சிதம்பரம் போகும் காலைப் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பேர், ஆளுக்கொரு டயாலிசிஸ் ஃபைலை மடியில் வைத்திருந்தார்கள். மூத்தவர் திடீரென்று கேட்டார்:

“ஏன் மச்சான், போன வாரம் எட போடுறப்ப செவுத்த புடிச்சிக்கிட்டு நின்ன?”

“லேசாத்தான் மாமா. தண்ணி ஜாஸ்தி குடிச்சிட்டேன். எட ஏறுனா சிஸ்டர் திட்டும்.”

“மெஷினுக்கு அது தெரியுமா? காட்டுன எடைக்குத்தான் தண்ணிய எடுத்துச்சி. மிச்சம் நெஞ்சுல கட்டிக்கிட்டு, மறுநாளே மூச்சு வாங்கி ஆம்புலன்ஸ்ல வந்த. இப்ப உன்னால எல்லாரும் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு எட போடுறோம், போலீஸ்ல மாட்டுனவன் மாதிரி.”

பேருந்து வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டியது. இளையவர் எழுந்தார்.

“நான் எறங்கிக்கிறேன். நேத்து காதுகுத்துல மூணு டம்ளர் பாயசம் குடிச்சிட்டேன். இன்னைக்கி எட காட்டிக் குடுத்துடும்.”

“உக்காருடா. சிஸ்டர் திட்டுனா திட்டட்டும். செத்தவன அது திட்டி நான் பாத்ததில்ல.”

இளையவர் உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்து, “நீயும் பந்தியில எம் பக்கத்துலதான இருந்த. நீ எத்தினி டம்ளர் மாமா?” என்றார்.

மூத்தவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நீ மொதல்ல எட போடு. உன்ன திட்டி முடிக்கிறதுக்குள்ள அதுக்குத் தொண்ட காஞ்சிடும்.”