பள்ளத்துக்காட்டுக்குச் சேதி போனது

ஓடுகிறேன். கணுக்காலுக்கு மேல் சேறு. செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் சத்தம். டப். கொஞ்சம் இடைவெளி. டப், டப். வேர் அறுகிற சத்தம். மலை சரிவதற்கு முன் வேர்தான் முதலில் அறும்.

ஐப்பசி. தீபாவளி முடிந்த வாரம். வெள்ளிக்கிழமை. மதியச் சோற்று நேரம் தாண்டியிருந்தது. பூண்டுக் காட்டில் தேங்கிய தண்ணீரை வெட்டிவிடப் போயிருந்தேன். காட்டின் ஓரத்தில் நின்றபோது மலையை மூடியிருந்த மஞ்சு ஒரு நிமிடம் விலகியது. எதிர்மலை தெரிந்தது. பள்ளத்துக்காட்டுக்கு மேலே, தைலமரத் தோப்பின் குறுக்கே, நீளமாக ஒரு விரிசல். காலையில் அது இல்லை. மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. அதற்கு நேர் கீழே அந்த ஊரின் ஏழு வீடு. கூரைகளில் அடுப்புப் புகை. மழைக்குப் பயந்து எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள். அதில் ஒரு வீடு என் தங்கை தவமணியுடையது.

"தவமணீ! மலை வருதுடீ! வெளிய வா!"

தொண்டை கிழியக் கத்தினேன். ஓடை இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நடுவில் பள்ளம். பாலம் காலையிலேயே போய்விட்டது. சுற்றுவழியில் போனால் இருட்டிவிடும். செல்போன் கோபுரம் முந்தாநாளே செத்தது. கரண்ட் இல்லை. வத்தலக்குண்டிலிருந்து மேலே வரும் கேபிளையும் மண் அறுத்துவிட்டதாம். மிச்சம் இருந்தது எங்கள் டப்பாக்கள்தான். அதனால்தான் வீட்டுக்கு ஓடினேன்.

அவற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கூரை உச்சியில் கம்பு நட்டு, அதில் கட்டிய சின்ன வெள்ளை டப்பா. உள்ளே வைஃபை. பக்கத்தில் ஒரு சோலார் தகடு, பழைய ஜீப் பேட்டரி. ஒரு டப்பா அடுத்த டப்பாவிடம் பேச்சைக் கொடுக்கும். அது அதற்கடுத்ததிடம் கொடுக்கும். ஒன்று செத்தால் இன்னொன்று வழியாகச் சுற்றிப் போகும். நடுவில் எந்தக் கம்பெனியும் இல்லை. வெளியுலகத்து இன்டர்நெட் முழுக்கச் செத்தாலும் எங்களுக்குள் போனில் பேசலாம். கொடைக்கானலில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஸ்டீபன் வந்து கட்டிக்கொடுத்தான்; வரிசையின் கடைசி டப்பா அவன் கடைக் கூரையில். ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது. "ஒனக்கு வேற சோலி இல்லையா? அதான் நெட்டு வருதுல்ல?" என்றார்கள். நான் விடவில்லை. வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டேன்.

காரணம் உண்டு. நான் இந்த மலையில் பிறந்தவள் இல்லை. இலங்கையில் மன்னார்ப் பக்கம். எனக்கு ஒன்பது வயதில் எங்கள் ஊரில் செல் குண்டு விழுந்தது. ஊய்ய்ய் என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே கேட்காது. பிறகு நிலம் ஆடும். அப்பா சந்தைக்குப் போயிருந்தார். அந்தப் பக்கம் அடிக்கப் போகிறார்கள் என்பது அடுத்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குச் சொல்ல வழியில்லை. ரேடியோவில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தெரிந்திருந்தால் அப்பா ஓடியிருப்பார். அம்மா எங்கள் இருவரையும் படகில் ஏற்றிக்கொண்டு வந்தாள். முகாம். கூலி வேலை. அப்புறம் இந்த மலை. எனக்குச் சுப்பையாவோடு கல்யாணம். தங்கைக்கு எதிர்க்கரை மயில்சாமி. இரண்டு பேரும் பூண்டு விவசாயிகள், நல்ல மனிதர்கள்.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். எங்கள் கரை டப்பாக்கள் எல்லாம் பச்சை. எதிர்க்கரையில் இரண்டு டப்பா. ஒன்று தவமணி வீட்டில். மற்றது அவர்கள் ஊருக்கு மேற்கே, மேட்டுப் பள்ளிக்கூடத்துக் கூரையில். இரண்டும் சிவப்பு.

"ஏங்க! கூரைல ஏறிப் பாருங்க! தவமணி டப்பா வரல!"

சுப்பையா ஏறினார். பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"மரம்டி! பேரிமரம் மறைக்குது!"

எங்கள் முட்டாள்தனத்தைக் கேளுங்கள். டப்பா கட்டியது மார்கழியில். மார்கழியில் பேரிமரத்தில் ஒரு இலை இருக்காது, வெறும் குச்சி. அந்தப் பக்கம் பளிச்சென்று தெரிந்தது. நேராகத் திருப்பிவைத்துக் கட்டிவிட்டு டீ குடித்தோம். சித்திரையில் தழைத்தபோது பேச்சு விட்டுவிட்டு வந்தது. டப்பாவைத் திட்டினோம். இப்போது ஐப்பசி. மரம் நிறைய இலை, இலை நிறைய தண்ணீர். ஈர இலையை இந்த வைஃபை தாண்டாது. ஸ்டீபன் டவுன்காரன், அவனை விடுங்கள். பேரிக்காய் விற்றுப் பிள்ளை வளர்த்த எங்கள் ஊரில் ஒருவருக்குக்கூட அது உறைக்கவில்லை. நினைத்தால் இப்போதும் எரிகிறது.

மரம் பக்கத்து வீட்டுப் பழனியம்மாவுடையது. எனக்கும் அவளுக்கும் வாய்க்கால் தண்ணீரில் சண்டை. வருடக்கணக்காகப் பேச்சு இல்லை. நான் கேட்கவில்லை. அரிவாளோடு வேலி தாண்டினேன். முதல் கொப்பில் வெட்டு விழுந்தது. அவள் வெளியே ஓடிவந்தாள்.

"ஏ! யாரு மரத்துல யாருடி கை வைக்கிறது?"

"பள்ளத்துக்காட்டுக்கு மேல மலை வெடிச்சுக் கெடக்கு! டப்பாவுக்கு வழி வேணும்!"

எதிர்மலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போனாள். கோடாரியோடு வந்தாள்.

"கொப்பு கொப்பா வெட்டிட்டு நின்னா விடிஞ்சிரும். அடியிலயே போடு! வெரசா!"

வெட்டுகிறோம். மழை கண்ணை மறைக்கிறது. எதிரே டப், டப், டப். சத்தத்துக்கு இடைவெளி குறைகிறது. மரம் முனகியது. சாய்ந்தது. அவள் கல்யாணமாகி வந்த வருடம் வைத்த மரம். விழுந்ததை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூரையிலிருந்து சுப்பையா கத்துகிறார். "இல்ல! இன்னும் இல்ல!" பிறகு, "வந்துருச்சு! பச்ச! ரெண்டும் பச்ச!"

அழைத்தேன். மணி போகிறது. போகிறது. எடுத்தாள். "அக்கா?" என்றாள். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த ஊர்ப் பேச்சுதான் பேசுகிறேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது வேறு.

"ஓடுங்கோ! தவம், ஓடுங்கோ! பள்ளிக்கூட மேட்டுக்கு ஓடுங்கோ!"

அவள் ஏன் என்று கேட்கவில்லை. எதற்கு என்று கேட்கவில்லை. நாங்கள் பிறந்த ஊரில் அந்தக் குரலுக்கு ஒரே அர்த்தம்தான். போனைக் கையில் வைத்துக்கொண்டே அவள் கத்துவது எனக்குக் கேட்கிறது. "ஓடுங்க! எல்லாரும் மேட்டுக்கு ஓடுங்க! புள்ளைகளத் தூக்குங்க! சாமானத் தொடாதீங்க!" கதவுச் சத்தம். ஒரு குழந்தை அழுகிறது. தகரத்தில் யாரோ தட்டுகிறார்கள். நாய். மாடு கத்துகிறது. பிறகு மயில்சாமியின் குரல், தள்ளி: "நீ போ! நா வந்துர்றேன்! போ புள்ள!"

மலை வந்தது. இடிபோல இல்லை. லாரி லாரியாகக் கல்லைக் கொட்டுகிற சத்தம், நிற்காமல். கால் வழியாக வயிற்றுக்கு ஏறியது. பழனியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சு எல்லாவற்றையும் மூடியது. போனில் பேச்சு அறுந்தது. தவமணி வீட்டு டப்பா சிவப்பு.

மேட்டு டப்பா மட்டும் பச்சையாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரமென்று தெரியாது. நான் கும்பிடாத சாமி இல்லை. திட்டாத சாமியும் இல்லை.

மணி அடித்தது. தவமணி.

"அக்கா. எண்ணிட்டேன். முப்பது பேரு இருக்கோம். மயிலு இல்ல."

மாட்டை அவிழ்க்கப் போயிருக்கிறார். நான்கு மாடும் அவிழ்த்த கயிற்றோடு மேட்டுக்கு ஏறி வந்தன. அவர் வரவில்லை. மறுநாள் மாட்டுக் கொட்டடி இருந்த இடத்தில் எடுத்தார்கள்.

அவள் அழுதாள். நானும் அழுதேன். ஆனால் போனை வைக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் காயம்பட்டவர் யார், பால் இல்லாத குழந்தை எது, எல்லாம் டப்பா டப்பாவாகத் தாண்டி ஸ்டீபன் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஜே.சி.பி. அங்கிருந்துதான் கிளம்பியது.

மூன்றாம் நாள் கரண்ட் வந்தது, கோபுரம் உயிர் பெற்றது. டிவியில் எங்களைக் காட்டினார்கள். "தொடர்பு துண்டிக்கப்பட்ட மலைக்கிராமம்" என்று எழுதியிருந்தது. பொய். வெளிக்கோபுரம் செத்தது, கேபிள் செத்தது. பேரிமரம் விழுந்த பிறகு எங்கள் தொடர்பு ஒரு நாளும் துண்டிக்கப்படவில்லை. பிறகு ஒரு அதிகாரி வந்தார். டப்பாவைக் காட்டி, யாரைக் கேட்டு வைத்தீர்கள் என்றார். கழற்றச் சொன்னார். பழனியம்மா கோடாரியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏறிக் கழட்டுங்க சார். கழட்டிட்டு அந்த முப்பது பேரு மூஞ்சியவும் பாத்துட்டுப் போங்க."

அவர் ஏறவில்லை. டப்பா இருக்கிறது. மயில்சாமியின் காரியம் முடிந்த மறுநாள் தவமணியே பள்ளிக்கூடக் கூரையில் இன்னொன்று கட்டினாள். கம்பை நான் பிடிக்க வந்தேன், விடவில்லை. இப்போது மரம் தழைத்த பிறகுதான் கட்டுகிறோம்.

இழந்ததைச் சொல்கிறேன். மறக்காதீர்கள். வீடு ஏழு. அடுப்புக்கு மேல் தொங்கிய விதைப்பூண்டு, ஏழு வீட்டுடையதும். ஆடுகள் பத்துக்கு மேல். பள்ளத்துக்காடு என்ற ஊர், முழுதும். பழனியம்மாவின் பேரிமரம். டப்பா ஒன்று. ஆள் ஒருவர். மயில்சாமி, என் தங்கை புருஷன், நாற்பத்தாறு வயது. அவருக்கும் சேதி போனது. தெரிந்துதான் கொட்டடிக்குப் போனார்.

சேதி எட்டாமல் செத்தவர்கள்: ஒருவரும் இல்லை.