சார்ட்டில் இல்லாத எழுத்து

பழைய கேம் சிடி வாங்கும்போது நேராகப் பிடித்துப் பார்க்கக் கூடாது, மேடம். நேராகப் பார்த்தால் எல்லா சிடியும் சுத்தமாகத்தான் தெரியும். ட்யூப்லைட்டுக்குக் கீழே கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் கீறல் எழுந்து வரும். மனிதர்களையும் அப்படிச் சாய்த்துப் பார்ப்பது என் பழக்கம்.

போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்து நீங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். பெரியவர் எழுதிய வார்த்தையை ஏன் மாற்றிச் சொன்னாய் என்று. அதற்கு மட்டும் பதில் எழுதிக் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்குப் போகலாம். ஆனால் பாதிப் பதிலில்தான் எல்லாத் தகராறும் தொடங்குகிறது. அதனால் முழுதாக எழுதுகிறேன். செம்பூரில் வளர்ந்தவள், தமிழ் பேசுவேன், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் என்று சொன்னீர்கள். எழுத்துகளைப் பிரித்துத் தெளிவாகவே எழுதுகிறேன்.

என் பெயர் சாஜன். மும்பை, மாட்டுங்கா லேபர் கேம்ப். காலேஜை இரண்டாம் வருடத்தில் விட்டேன். பிறகு நைட் ஷிப்ட்டில் வெளிநாட்டுக் கடை ஒன்றுக்கு கம்ப்யூட்டர் சாட்டில் பதில் எழுதும் வேலை. பொருள் உடைந்து வந்தது, பொருளே வரவில்லை என்று விடிய விடியப் புகார் வரும். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒரு நாள் மன்னிப்புக்கு நடுவிலேயே எழுந்து வந்துவிட்டேன். பிறகு போகவில்லை. அங்கே நான் கற்றது ஒன்றுதான். புகார் சொல்கிறவன் பாதிப் பொய் சொல்வான். புகாரே இல்லாதவன் முழுதாக மறைக்கிறான்.

செம்பூரில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அல்தாப், பழைய கேம் வாங்கி விற்பவர்களுக்காக போனில் ஒரு குரூப் நடத்துகிறான். ஒவ்வொரு கைமாற்றத்துக்குப் பிறகும் வாங்கியவர் இரண்டு வரி ஃபீட்பேக் எழுத வேண்டும். நல்லது என்றால் விற்றவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை, கெட்டது என்றால் சிவப்பு. சிவப்பு விழுந்தவனிடம் யாரும் வாங்க மாட்டார்கள். அதை எடுக்க இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். இரு தரப்பையும் பேசவைத்து முடிப்பது என் வேலை. சம்பளம் கிடையாது. யாருக்குச் சிவப்பு விழுந்தாலும் முதலில் என்னைத் தேடி வருவார்கள். ஒரு தரப்பு பதிலே சொல்லாவிட்டால் ஒரு வாரம் பார்ப்பேன். அதற்கும் பேசாவிட்டால் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வேன். அந்த விதியைப் போட்டவன் நான். அதைப் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

பூலோகம் தாராவிக்காரன். பெற்றவர்கள் திருநெல்வேலிப் பக்கம். தோல் பட்டறையில் பசை வாடை ஒத்துக்கொள்ளாமல் வெளியே வந்து, கீறல் விழுந்த சிடிகளை வாங்கி மெருகேற்றி விற்கத் தொடங்கினான். அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை தவிர வேறெதுவும் கிடையாது. ஒரு சிவப்பு இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. நைன்டி ஃபீட் ரோட்டில் ஒரு தடுப்புக் கடையை வாடகைக்குப் பேசியிருந்தான். இன்னொருவர் கடையில் பாதி இடம். அந்தப் பச்சையை நம்பித்தான் பேசினான். வேறு எதுவும் அவனிடம் இல்லை.

ஒரு முறை அல்தாப் சிரித்துக்கொண்டே சொன்னான். "சப் லோக் பூலோகம் ஜைஸே ஹோ ஜாயே தோ தேரா காம் கதம், பாய்." எல்லாரும் பூலோகம் மாதிரி ஆகிவிட்டால் உன் வேலை முடிந்தது என்று. இதை நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள் என்பதால் நானே எழுதிவிடுகிறேன். நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மாட்டுங்கா ஈஸ்ட்டில் இருக்கும் சுந்தரராமன் என்ற பெரியவர் பூலோகத்திடம் ஒரு கிரிக்கெட் கேம் வாங்கினார். லீவுக்கு வரும் பேரன் அனந்துக்காக. அவருக்கு போனில் தட்டச்சு வராது. ஃபீட்பேக்கை ஒரு காகிதத்தில் தமிழில் எழுதி, படம் எடுத்து அல்தாபுக்கு அனுப்பினார். ஒரே ஒரு வார்த்தை. அதுவும் பழைய எழுத்து. இப்போது 'லை' எழுதும்போது முன்னால் இரண்டு சுழி போட்டுத் தனியாக எழுதுகிறோம். அவர் காலத்தில் 'ல'வின் முன்னால் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு ஏறி நிற்கும். அவர் இன்னும் அதை விடவில்லை. அல்தாப் போனை வைத்து மொழிபெயர்த்துப் பார்த்தான். போன் திணறியது. என்னைக் கூப்பிட்டான்.

"ஏ சாஜன், புட்டே நே க்யா லிக்கா ஹை?" கிழவன் என்ன எழுதியிருக்கிறான் என்று.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியில் தமிழ் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பழைய ஜெபப் புத்தகங்களில் எல்லாம் அந்தத் துதிக்கை எழுத்துதான். பார்த்தவுடன் படித்தேன். மோசமில்லை. எங்கள் ஆட்களிடம் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். நன்றாக இருக்கிறது, திருப்தி, குறை சொல்ல ஒன்றுமில்லை.

"கராப் போல் ரஹா ஹை," என்றேன். மோசம் என்கிறார்.

"பூலோகம் கா மால்? மஸாக் மத் கர்." பூலோகத்தின் சரக்கா, விளையாடாதே என்றான்.

"மோசம்னு எழுதியிருக்கு. நீயே பாரு, மோ, ச." தமிழ் எழுத்தே தெரியாத அல்தாப் எங்கே பார்ப்பான். சிவப்பைப் போட்டான்.

ஏன் என்று கேட்டீர்கள். பதில் எளிது. அந்தச் சிடியை நான் சாய்த்துப் பார்க்க விரும்பினேன். ஒரு சிவப்பு விழுந்தால் அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்று தெரிந்துவிடும். தெரிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

மறுநாள் பூலோகம் வந்தான். "ஏலே சாஜன், அந்த சிடிய நானே போட்டு ஆடிப் பாத்துட்டுல்லா குடுத்தேன். செஞ்சுரி அடிச்சேன்ல. அந்தப் பெரியவரு வாங்கி, முகம் தெரியுதான்னு பாத்துக்கிட்டாரு. 'சவரக் கண்ணாடியாட்டம் இருக்கேடா'ன்னாரு. பொறவு எதுக்கு இப்பிடி எழுதுதாரு?"

"வயசானவங்க. மாத்தி மாத்திப் பேசுவாங்க."

"நான் போயி ஒரு வார்த்த கேக்கட்டா?"

"போவாத. அவரு மவன் பெரிய எடத்துல இருக்கான். மெரட்டுதான்னு கேஸ் குடுத்துருவாங்க. நான் பேசிக்கிடுதேன்."

பெரியவருக்கு அனந்தின் அப்பாவைத் தவிர மகன் இல்லை. அந்த மகனும் எங்கோ ஒரு வங்கியில்தான் வேலை பார்க்கிறார். ஆனால் பூலோகம் அங்கே போகாமல் இருக்க ஒரு காரணம் வேண்டும். அன்று மாலையே பெரியவருக்குப் போன் செய்து, உங்களுக்கு விற்ற ஆள் சரியில்லை, உங்கள் வீட்டு விலாசம் அவனுக்குத் தெரியும், வந்தால் கதவைத் திறக்காதீர்கள், தெரியாத நம்பரை எடுக்காதீர்கள் என்றேன். அவர் மிகவும் நன்றி சொன்னார். தனியாக இருப்பவர்களுக்கு எச்சரிக்கை சொன்னால் பிடிக்கும்.

பூலோகம் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். குற்றமில்லாதவன் கத்துவான். அவன் கத்தவில்லை. சிடி வேண்டும் என்று அவனிடம் சொல்லிவைத்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். தடுப்புக் கடைக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவன் எல்லாரிடமும் தலையாட்டிவிட்டு வந்தான். இது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. பிறகு என் சொல்லை மீறிப் பெரியவர் வீட்டுக்கும் போயிருக்கிறான். அவர் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாராம், திறக்கவில்லையாம். இவன் வேறொரு சிடியைப் பையில் போட்டுக் கதவில் மாட்டிவிட்டு வந்துவிட்டான்.

பெரியவர் பதறிப்போய் எனக்குப் போன் செய்தார். "ஒரு பையை மாட்டிட்டுப் போயிருக்கான்ப்பா. உள்ள என்னத்த வெச்சிருக்கானோ."

"தொடாதீங்க சார்," என்றேன்.

அந்தப் பை பல நாள் அங்கேயே தொங்கியது. நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள்.

அதோடு அவன் விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் அவன் அல்தாபிடமிருந்து அந்தக் காகிதத்தின் படத்தை வாங்கிக்கொண்டான். இவன் முனிசிபல் பள்ளியில் ஹிந்தி மீடியம். தமிழ் பேசத் தெரியும், ஒரு எழுத்து தெரியாது. குழந்தைகளுக்கான தமிழ் எழுத்து சார்ட் ஒன்று வாங்கி, சிடி அடுக்குக்கு மேலே ஆணியடித்து மாட்டினான். அம்மா, ஆடு, இலை என்று படம் போட்டது. அதைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் போனபோது சுவரில் முகத்தை ஒட்டி நின்றான்.

"நாலு எழுத்து கண்டுபிடிச்சிட்டேன்ல. கடைசி எழுத்து சார்ட்டுலயே இல்ல. எங்க தெரு லூர்தம்மா அக்காவுக்கு அனுப்பியிருக்கேன். கோயில்ல வாசகம் வாசிக்கிறவக. இன்னும் பாக்கல போல."

நாலு எழுத்து என்றால் மோ, ச, மி, ல். தமிழ் பேசுகிற எவனுக்கும் அதற்குமேல் ஐந்தாவது எழுத்து தேவையில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது, நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்கிறான் என்று நினைத்தேன். என்னையே சாய்த்துப் பிடிக்கிறான். இப்போது யோசித்தால் அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்றும் தோன்றுகிறது. அவனுக்கு நிஜமாகவே கடைசி எழுத்து வேண்டியிருந்தது. எழுதியதை முழுதாகப் படிக்காமல் பொருள் சொல்லக் கூடாது என்று நினைக்கிற ஆள். அப்படியும் சிலர் இருக்கிறார்களாம்.

"வா, பெரியவர் வீட்டுக்கே போவோம். நேர்லயே முடிச்சிருவோம்," என்றேன்.

"பொறவு கேஸ்கீஸ்னு சொன்னியே?"

"நான் கூட இருக்கேன்லா."

அவன் சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். தலைசீவியிருந்தான். லேபர் கேம்பிலிருந்து மாட்டுங்கா ஈஸ்ட்டுக்குப் போக எல்லாரும் செய்வதுபோல் சுவர் உடைந்த இடத்தில் நுழைந்து தண்டவாளத்தைக் கடக்க இறங்கினோம். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கல்யாண் பக்கம் போகும் வண்டி ஒன்று எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒரு வண்டி போகும்போது அந்த இரைச்சலில் இன்னொரு வண்டியின் சத்தம் கேட்காது. இந்த ஊரில் பிறந்த எவனுக்கும் தெரியும். நான் இரண்டு பாதைகளுக்கு நடுவில் இருந்த ஜல்லியில் நின்றேன். பூலோகம் எனக்கு எதிரே, பின்பக்கத் தண்டவாளத்துக்குள் நின்றான். அவனுக்கு முதுகுப்பக்கம் சயான் ஸ்டேஷன். சயானிலிருந்து அந்தத் தண்டவாளத்தில் ஃபாஸ்ட் வண்டி வந்துகொண்டிருந்தது. அது மாட்டுங்காவில் நிற்காது.

"அந்தப் படத்தக் காட்டு," என்றேன்.

அவன் போனை நீட்டினான். வெளிச்சம் படுகிறது, சரியாகத் தெரியவில்லை என்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். மற்றக் கையால் கடைசி எழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"இது பழைய எழுத்து. லை."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவன் கேட்டதைச் சரியாகச் சொன்னேன். அவன் முதலில் இருந்து விரல் வைத்துப் படித்தான். இரைச்சலில் குரல் கேட்கவில்லை, உதடு தெரிந்தது. மோ. ச. மி. ல். லை. பிறகு நிமிர்ந்து பார்த்தான். என்மேல் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் சிரித்தான். "நல்லாத்தாம்ல எழுதியிருக்காரு," என்று கத்தினான். ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்கவே இல்லை. பள்ளியில் பரிசு வாங்கியவன் மாதிரி நின்றான். அதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. அந்தச் சிரிப்புக்குள் வேறு என்ன இருந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

என் முகத்தில் எதையோ பார்த்துப் பின்னால் திரும்ப முயன்றான். நான் மணிக்கட்டை விடவில்லை. அவன் இழுத்தான். நான் பிடித்திருந்தேன். பிறகு விட்டேன். தள்ளவில்லை. எப்போது விட வேண்டும் என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

போன் ஜல்லியில் கிடந்தது. கண்ணாடி கூட உடையவில்லை. அதை எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. அதில் லூர்தம்மாள் பிற்பாடு அனுப்பிய குரல் பதிவைத்தான் நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். "ஏ பூலோகம், மோசமில்லன்னுல்ல எழுதியிருக்கு. உன்னப் பாராட்டித்தான்யா எழுதியிருக்காரு." அவர் குரல் சந்தோஷமாக இருந்தது. பதில் இல்லாத ஆளிடம் பேசுகிறோம் என்று தெரியாத குரல்.

தண்டவாளம் கடக்கும்போது அடிபட்டான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். தினமும் நடப்பதுதான். குரூப்பில் மட்டும் வேறு மாதிரி பேசினார்கள். ஒரு கிழவனின் ஃபீட்பேக்கால் மனம் உடைந்து விழுந்துவிட்டான் என்றார்கள். பெரியவரின் நம்பரைத் தேடிப் பிடித்துத் திட்டினார்கள். நான் தடுக்கவில்லை. அவர் அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தார்.

"மோசமில்லைன்னா நன்னாயிருக்குன்னுதானேப்பா அர்த்தம். நாப்பது வருஷ ஆபீஸ்ல எங்க மேனேஜர் அதுக்கு மேல ஒருத்தரையும் புகழ்ந்ததில்ல. நான் என்ன தப்பா எழுதிட்டேன்?"

"தப்பா எழுதல சார். அவன் தப்பாப் படிச்சிட்டான்," என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அவர் ஆறவில்லை. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டார்.

கேட்டதற்கு மேலேயே எழுதிவிட்டேன். என்மேல் உங்களுக்கு என்ன அபிப்பிராயம் என்று தெரியாது. ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எடுத்த வேலையை நான் பாதியில் விட்டதில்லை. பூலோகத்தின் சிவப்பை எடுக்கச் சம்மதமா என்று முறைப்படி இருவருக்கும் செய்தி அனுப்பினேன். பெரியவர் உடனே சம்மதித்தார். பூலோகத்திடமிருந்து பதில் இல்லை. ஒரு வாரம் காத்திருந்தேன். பிறகு மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு சிவப்பை எடுத்துவிட்டேன். இப்போது அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை மட்டும்தான் இருக்கிறது. இரு தரப்புக்கும் குறையில்லாமல் முடிந்தது.